மொட்டைமாடியில் ஒரு நாடு... அதற்கு ஒரே ஒரு குடிமகன்!

"ஏண்டி, நீதான் பத்திரிகையில இருக்கியே... இது எந்த ஊரு பாஷைன்னு பாத்துச் சொல்லு."

போன மாதம் ஒரு நாள், வேலை முடியும் நேரத்தில் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வாய்ஸ் மெசேஜ். கூடவே ஒரு போட்டோ. கோடு போட்ட நோட்டில் இரண்டு வரிசையாகச் சொற்கள். இடது பக்கம் தமிழ். வலது பக்கம் என்னவென்று தெரியாத ஒன்று, தமிழ் எழுத்தில்.

வீடு - காசா. தண்ணீர் - ஆகுவா. நான் - ஆகோ. சாப்பிடு - காயின். நிலா - புவான்.

கையெழுத்து அக்கா மகனுடையது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். அடுத்த நிமிஷமே போன் வந்தது. "யார்கிட்டயோ ரகசியமாப் பேசுறான் போலடி. ஆன்லைன்ல கும்பல் கும்பலா வந்து பிள்ளைகளப் பிடிக்கிறாங்களாமே... உங்க பத்திரிகையிலயே போட்டிருந்தீங்களே!" என்று அக்கா அழாத குறை. அந்தக் கட்டுரையை எழுதியதே நான்தான் என்பதை அப்போது அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து, சனிக்கிழமை காலையில் சிங்கம்புணரியில் இறங்கினேன். கயிறு திரிக்கிற பட்டறைகளைத் தாண்டும்போது வரும் அந்த ஈர நார் வாசனை வந்தால்தான் எனக்கு ஊர் வந்த மாதிரி இருக்கும். அக்கா வாசலிலேயே நின்றாள். "மாடியிலதான் இருக்கான். நீயே கேளு. நான் கேட்டா அரசு ரகசியங்கிறான்."

மூணு பேரில் ஒருத்தன்

மொட்டைமாடியில் தண்ணித் தொட்டி நிழலில் பழைய பாய். பக்கத்தில் ஒரு மட்டைக்குச்சியில் கட்டிய துணி. கொடியாம். அக்காவின் கிழிந்த சால்வையில் பாதி. பையன் முதலில் முறைத்தான். "சித்தி, அம்மா அனுப்புச்சா?" என்றான். ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருந்தால் ஒன்றும் பேசியிருக்க மாட்டான்.

விஷயம் இதுதான். கோடை லீவில் அவனும் தெருவில் இரண்டு பையன்களும் சேர்ந்து ஒரு நாடு ஆரம்பித்திருக்கிறார்கள். மாடிதான் எல்லை. நாட்டுக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது முதல் சட்டம். நாட்டின் பெயரை வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்பது இரண்டாவது. அதனால் இங்கே எழுதவில்லை. (தனி நாடு என்றதும் உங்களுக்கு வேறு ஒரு பெயர் ஞாபகம் வந்திருக்கும். அது இன்றைக்கு நமக்கு வேண்டாம்!)

நாடு என்றால் மொழி வேண்டுமே? அதற்காகத்தான் அந்த நோட்டு. அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் அத்தான், ஒன்பது வருஷமாக துபாயில் வேலை பார்க்கிறார். ரூமில் கூட இருப்பவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். ராத்திரி வீடியோ கால் வரும்போது அத்தான் அடுப்படியில் நின்றால், போனைப் பிடித்துக்கொண்டு பையனிடம் பேசுவது அந்த அங்கிள்தான். அவரிடமிருந்து டகாலக் சொற்கள். டுவோலிங்கோவில் இருந்து ஸ்பானிஷ் சொற்கள். இரண்டையும் கலந்து கட்டியிருக்கிறான். சுமார் 300 சொல் தேறும்.

"சரி, யாருகூடப் பேசுற?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. மூன்று குடிமக்களில் ஒருவன் டியூஷனில் சேர்ந்துவிட்டான். இன்னொருவன் பிரதமர் பதவி கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். இப்போது அந்த மொழியைப் பேச இவன் ஒருத்தன்தான். அப்படியும் நோட்டில் தினமும் சொல் சேர்த்துக்கொண்டிருக்கிறான்.

கீழே வந்து அக்காவிடம் சொன்னேன். "கும்பல் எதுவும் இல்லக்கா. தனியாத்தான் இருக்கான்." அவளுக்கு நிம்மதி வந்த மாதிரி தெரியவில்லை. எனக்கும்தான். "இதெல்லாம் சோறு போடுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடினேன். தேடியதில் கிடைத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெட்ரூமில் பிறந்த ராஜ்ஜியம்

1979 டிசம்பர் 26. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். ராபர்ட் பென் மேடிசன் என்ற 14 வயதுப் பையன், தன் படுக்கையறையைத் தனி ராஜ்ஜியமாக அறிவித்தான். நம்ம பையனுக்கும் இதே வயதுதான்! நாட்டுக்கு அவன் வைத்த பெயர் டலோசா. பின்லாந்து மொழியில் 'வீட்டுக்குள்ளே' என்று அர்த்தம். அடுத்த வருஷமே அதற்கு ஒரு மொழியும் செய்ய ஆரம்பித்தான்.

லத்தீனில் இருந்து பிறந்த ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், பிரெஞ்சு, இத்தாலியன் போன்றவற்றை ரோமானிய மொழிக் குடும்பம் என்பார்கள். டலோசன் அந்தச் சாயலில் செய்யப்பட்ட மொழி. விளையாட்டாக ஆரம்பித்தது வளர்ந்து, அகராதியில் 25,000 சொற்களுக்கு மேல் போய்விட்டது. இணையம் வந்தபிறகு உலகம் பூராவும் இருந்து குடிமக்கள் சேர்ந்தார்கள். சண்டையும் சேர்ந்தே வந்தது. 2004-ல் ஒரு கூட்டம் பிரிந்துபோய்க் குடியரசு அமைத்தது. நாட்டை ஆரம்பித்தவரே 2005-ல் வெளியேறிவிட்டார். 2012-ல் இரண்டு பக்கமும் மறுபடி ஒன்றாகின. பிரதமர் பதவிச் சண்டை சிங்கம்புணரியில் மட்டும் நடக்கவில்லை என்று தெரிந்ததில் பையனுக்கு ஒரு சந்தோஷம்.

இன்னொன்று இத்தாலியில். ஜார்ஜியோ ரோசா என்ற இன்ஜினீயர், ரிமினி நகரத்துக்கு எதிரே கடலுக்குள் 400 சதுர மீட்டரில் ஒரு மேடை கட்டி, 1968 மே 1 அன்று அதைத் தனி நாடாக அறிவித்தார். பெயர் ரோஸ் தீவு. ஆட்சி மொழி எஸ்பெராண்டோ. அதுவும் ஒருவர் உட்கார்ந்து செய்த மொழிதான். சாமன்ஹோஃப் என்ற கண் டாக்டர், எல்லா நாட்டுக்காரர்களும் சண்டையில்லாமல் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும் என்று 1887-ல் வெளியிட்டது. இத்தாலிய அரசு சும்மா இருக்குமா? போலீஸை அனுப்பி மேடையைப் பிடித்து, 1969 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. தீவு போனது. எஸ்பெராண்டோ போகவில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் எஸ்பெராண்டோவில் பேசி, அதையே தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்கூட இன்றைக்கு இருக்கிறார்கள்.

ஒரு நாடு என்றால் என்னென்ன வேண்டும் என்று 1933-ல் மாண்டிவீடியோ ஒப்பந்தம் நான்கு விஷயங்களைச் சொல்கிறது. நிலையான மக்கள், எல்லை உள்ள நிலம், ஒரு அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு வைக்கும் தகுதி. மொழி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் விளையாட்டுக்கு நாடு ஆரம்பிக்கிறவர்கள் பலரும் கொடிக்கு அடுத்தபடியாக மொழிக்குத்தான் போகிறார்கள்.

நாம வேற, நாங்க வேற

ஞாயிறு காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்தோம். ஒரு பொருளுக்கு ஸ்பானிஷ் சொல்லும் இருக்கிறது, டகாலக் சொல்லும் இருக்கிறது என்றால் எதை எடுப்பாய் என்று கேட்டேன்.

"எது சின்னதா இருக்கோ அது. ஆனா ஒரு இடத்துல மட்டும் மாட்டிக்கிட்டேன் சித்தி."

"எதுல?"

"நாமளுக்கும் நாங்களுக்கும்."

ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், நோசோத்ரோஸ். இங்கிலீஷிலும் 'வீ' என்ற ஒன்றுதான். இந்தியிலும் 'ஹம்' ஒன்றுதான். நாம் தமிழில் யோசிக்காமலே இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். 'நாம போலாம்' என்றால் கேட்கிறவரும் கூட வருகிறார். 'நாங்க போறோம்' என்றால் அவரை விட்டுவிட்டுப் போகிறோம். டகாலக்கிலும் அப்படியே இரண்டு சொல் இருக்கிறது. தாயோ என்றால் நாம். காமி என்றால் நாங்கள்.

"தமிழ்ல இது இருக்குன்னே எனக்கு இப்பதான் சித்தி தெரிஞ்சுச்சு" என்றான். அரையாண்டுத் தேர்வில் தமிழ் இலக்கணத்தில் மார்க் கோட்டை விட்டவன் பேசுகிற பேச்சா இது? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புத்தகத்தில் தன்மைப் பன்மை என்று படித்தபோது ஏறாதது, ஒரு சொல் தேவைப்பட்டபோது ஏறியிருக்கிறது.

இதில் இன்னொரு சுவாரசியம். ஸ்பானிஷையும் பிலிப்பைன்ஸ் மொழிகளையும் கலந்து ஒரு மொழி உண்மையிலேயே இருக்கிறது. பெயர் சாவகானோ. யாரும் உட்கார்ந்து செய்ததில்லை. 1635-ல் சம்போவாங்காவில் ஸ்பெயின்காரர்கள் கோட்டை கட்டினார்கள். சிப்பாய்கள், கொத்தனார்கள், சந்தைக்கு வந்த ஊர்க்காரர்கள் என ஆளுக்கொரு மொழிக்காரர்கள் கூடிய ஊரில் இந்தக் கலப்பு மொழி வளர்ந்து நிலைத்தது. மணிலா விரிகுடாப் பக்கம் கவீத்தே, தெர்னாத்தே ஊர்களில் டகாலக் வாசனையோடு இதன் அண்ணன் தம்பிகள் உண்டு.

சொற்களில் பெரும்பங்கு ஸ்பானிஷ். ஆனால் வாக்கியம் பிலிப்பைன்ஸ் பாணியில், வினைச்சொல்லில் தொடங்கும். பன்மைக்கு முன்னால் 'மங்கா' என்ற உள்ளூர்ச் சொல் வரும். அதைவிட முக்கியமான ஒன்று. சம்போவாங்கா பேச்சில் நான், நீ எல்லாம் ஸ்பானிஷில் இருந்து வந்தவை. நாம், நாங்கள் உள்ளூர் மொழியில் இருந்து வந்தவை. கிதா என்றால் நாம், கமே என்றால் நாங்கள். ஆயிரக்கணக்கில் சொற்களைக் கடன் வாங்கியவர்கள், யார் நம்ம ஆள், யார் இல்லை என்று சொல்லும் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. மொட்டைமாடியில் ஒரு பையன் மாட்டிக்கொண்ட அதே இடத்தில்தான் ஒரு ஊரே நின்றிருக்கிறது!

சாவகானோ என்ற பெயருக்கு ஸ்பானிஷில் மட்டமானது, நயமில்லாதது என்று அர்த்தம். திட்டாக வைத்த பெயர். இன்றைக்கு அதே பெயரில் சம்போவாங்காவில் லட்சக்கணக்கானவர்கள் பேசுகிறார்கள். கவீத்தேயில் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

டகாலக்கே ஒரு கலப்படக்காரன்தான். 1565-ல் இருந்து 1898 வரை ஸ்பெயின் ஆண்ட நாடு. 'எப்படி இருக்கீங்க' என்பதற்கு அவர்கள் சொல்லும் கமுஸ்தா, ஸ்பானிஷின் 'கோமோ எஸ்தா'தான். நம்ம பக்கத்துச் சரக்கும் அதில் உண்டு. முகம் அங்கே முக்ஹா. ஆசிரியர் அங்கே குரோ. நம்பிக்கைக்கு ஆசா. இவையெல்லாம் சமஸ்கிருத வழியாகப் போனவை. மாங்காய் மலாய் வழியாகப் போய் மங்கா ஆகிவிட்டது. மஹால் என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு அன்பு என்றும் அர்த்தம், விலை அதிகம் என்றும் அர்த்தம். பையன் நோட்டில் அதை 'அப்பா' என்பதற்குப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை.

சாவி, ஜன்னல், அலமாரி

"நீங்க பேசுற தமிழ்லயும் அதே குடும்பம்தான் உக்காந்திருக்கு" என்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் ஆரம்பித்தேன். "வீட்டப் பூட்டுற சாவி, காத்து வர்ற ஜன்னல், துணி வைக்கிற அலமாரி, அவன் படிக்கிற மேசை. நாலும் போர்ச்சுகீஸ்."

அம்மா நம்பவில்லை. "ஜன்னல் இல்லாம நம்ம ஆளுக வீடு கட்டுனாங்களாக்கும்?" கட்டினார்கள். அதைச் சாளரம் என்றார்கள், பலகணி என்றார்கள். ஜன்னல் வந்ததும் அவை புத்தகத்துக்குப் போய்விட்டன. வீடு கட்டுகிற மேஸ்திரி, தேங்காய் ஏலம், தண்ணீர் பிடிக்கிற பீப்பாய், பாதிரி... இவையும் அதே கப்பலில் வந்தவை. மேசை பிலிப்பைன்ஸிலும் மேசாதான். இலங்கைத் தமிழர்கள் செருப்புக் கடையில் கேட்கும் சப்பாத்து அங்கே சபாத்தோஸ். ஒன்று போர்ச்சுகீஸ் வழி, மற்றது ஸ்பானிஷ் வழி. வேர் ஒன்று.

தமிழ் முதன்முதலில் அச்சேறியதே போர்ச்சுகலில்தான். 1554-ல் லிஸ்பன் நகரத்தில், தமிழை ரோமன் எழுத்தில் போட்டு, போர்ச்சுகீஸோடு சேர்த்து அச்சடித்தார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் 1578-ல் கொல்லத்தில் வந்தது.

நாம் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். மட்டக்களப்பில் நடந்தது வேறு. போர்ச்சுகீஸ்காரர்கள் 1505-ல் இலங்கைக்கு வந்து, 1628-ல் மட்டக்களப்பில் கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். பத்தே வருஷத்தில் டச்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். 1658-ல் இலங்கையை விட்டே போர்ச்சுகீஸ் ஆட்சி போய்விட்டது. ஆனால் அவர்கள் வழி வந்த பறங்கியர் குடும்பங்கள் அங்கேயே தங்கின. தச்சு, இரும்பு வேலை என்று தொழில் செய்தன. வீட்டில் பேசிய மொழியை டச்சு ஆட்சியிலும் விடவில்லை, ஆங்கில ஆட்சியிலும் விடவில்லை.

அந்த மொழியைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் சொந்தமும் தோன்றும். சொல் போர்ச்சுகீஸ், எலும்புக்கூடு தமிழ். போர்ச்சுகீஸில் வினைச்சொல் நடுவில் வரும். இங்கே நம்மைப் போலவே கடைசியில் வரும். போர்ச்சுகீஸில் பெயருக்கு முன்னால் வரும் சொல், இங்கே நம் 'கு' உருபு மாதிரிப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. போர்ச்சுகீஸ்காரர் 'நான் பசி வைத்திருக்கிறேன்' என்று சொல்லும் இடத்தில், இவர்கள் 'எனக்குப் பசி' என்கிற மாதிரிச் சொல்கிறார்கள். பசி நமக்கு வருகிற ஒன்று என்பதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். முன்னூறு, நானூறு வருஷம் பக்கத்து வீட்டில் தமிழ் கேட்டுக்கொண்டே இருந்ததன் பலன்.

இன்றைக்கு அதைப் பேசுகிறவர்களில் பலர் வயதானவர்கள். பேரப்பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறார்கள், தமிழில் பதில் சொல்கிறார்கள். 2004 சுனாமி மட்டக்களப்பில் டச்பார் பகுதியையும் அடித்துக்கொண்டு போனது. பறங்கியர் சேர்ந்து வாழ்ந்த இடம் அது. போன உயிர்களோடு அந்தப் பேச்சும் போனது. மிச்சம் இருப்பவர்களின் பேச்சையும் பாட்டையும் மொழியியல் ஆய்வாளர்கள் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். தாத்தா கூப்பிடும்போது அதே மொழியில் பதில் சொல்ல ஒரு பிள்ளை வேண்டுமே, அதை எந்த மெஷினில் பதிவு செய்வது?

காலகேயனும் க பாஷையும்

செய்த மொழி ஒன்று நம்மிடமே இருக்கிறது. 2015-ல் வந்த பாகுபலியில் காலகேயர்கள் பேசும் கிளிக்கி. மதன் கார்க்கி படத்துக்காக அதை உருவாக்கியபோது சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். விதை அதற்கும் முன்னால் விழுந்தது. ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில், சின்னப் பிள்ளைகளோடு விளையாட்டாக அவர் செய்த மொழிதான் கிளிக்கிக்கு அடிப்படை. அதில் மின் என்றால் நான். அதைத் திருப்பிப் போட்டால் நிம். நிம் என்றால் நீ. நானும் நீயும் எதிரெதிரே நிற்கிற மாதிரி.

படம் முடிந்து மொழி செத்துவிடவில்லை. எழுத்துகளோடு, கற்றுக்கொள்ள இணையதளத்தோடு, 2020 பிப்ரவரி 21 அன்று வெளியிட்டார்கள். உலகத் தாய்மொழி நாள் அது. 1952-ல் டாக்காவில் தங்கள் தாய்மொழிக்காகத் துப்பாக்கிக் குண்டு வாங்கிச் செத்த மாணவர்களின் நினைவு நாள்.

நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார். "கஉ கங்க களு கக்கு கத் கதெ கரி கயா கது கன்னு கநெ கனச் கசீ கங்க களா?"

அக்காவும் நானும் வாயைப் பிளந்தோம். க பாஷை! ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' போட்டுப் பேசுவது. சின்ன வயதில் அக்காவும் நானும் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க அதில்தான் திட்டம் போடுவோம். தேருக்குப் போகும்போது ஐஸ் வாங்குவது, பக்கத்து வீட்டு மாங்காய் பறிப்பது எல்லாம். உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறார். அவர் காலத்திலேயே அவரும் அவர் தங்கச்சியும் அதைத்தான் பேசியிருக்கிறார்கள்.

ஒரு கூட்டத்துக்குள் மட்டும் புழங்கும் பேச்சுக்கு நன்னூல் குழூஉக்குறி என்று பெயரே வைத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் அந்த வகைதான். பையன் மட்டும் புதிதாக எதையும் கெட்டுப்போய்ச் செய்துவிடவில்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளே க பாஷையில் கில்லாடி!

இதிலெல்லாம் எனக்கு ஒன்று பிடிபட்டது. 25,000 சொல் இருப்பதும் 300 சொல் இருப்பதும் பெரிய வித்தியாசம் இல்லை. க பாஷைக்குச் சொந்தமாக ஒரு சொல்கூடக் கிடையாது. இருந்தும் எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை ஓடியிருக்கிறது, அக்கா பேசினால் நான் பதில் பேசியதால். பையனின் மொழியில் குறை எதுவும் இல்லை. இரண்டாவது ஆள்தான் இல்லை.

ஞாயிறு ராத்திரி

அன்று ராத்திரி எட்டரைக்கு துபாயிலிருந்து வீடியோ கால். அக்கா போனை எடுத்தாள். அத்தான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. "சாப்டீங்களா?"

"நாங்க சாப்டாச்சு. நீங்க?"

தினமும் நடக்கிற பேச்சுதான். அன்றைக்கு மட்டும் அந்த 'நாங்க' எனக்குக் காதில் விழுந்தது. அக்கா தப்பாகச் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக உண்மை அதுதானே. இங்கே நாங்க, அங்கே நீங்க.

பையன் போனை வாங்கினான். ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுச் சொன்னான். "அப்பா, காயின் தாயோ."

எனக்கு நோட்டு ஞாபகம் வந்தது. காயின் - சாப்பிடு. தாயோ - நாம். ஏதோ சொந்தமாகக் கோத்த வாக்கியம் என்று நினைத்தேன். அத்தான் அந்தப் பக்கம் சத்தமாகச் சிரித்தார். திரும்பி ரூமுக்குள் யாரிடமோ அதையே ஒருமுறை சொன்னார். உள்ளிருந்து அங்கிளின் குரல், பதிலுக்கு அதையே சொன்னது.

பிலிப்பைன்ஸ்காரர்கள் தட்டில் கை வைக்கும்போது யார் வந்தாலும் இதைச் சொல்வார்களாம். 'வாங்க, சாப்பிடுவோம்' என்பதுபோல. அத்தான் அந்த ரூமில் தினமும் கேட்பது, தினமும் பதில் சொல்வது. பையன் நோட்டில் பாதிக்கு மேல் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள். இத்தனை மாதமாக யாரும் அவரிடம் கேட்கவே இல்லை. அக்கா பயத்தில் அவரிடம் இதைச் சொல்லாமலே மறைத்து வைத்திருந்தாள்.

அத்தான் தன் தட்டை எடுத்துவந்து போனுக்கு முன்னால் வைத்து உட்கார்ந்தார். பையன் மறுபடி ஒரு தோசை கேட்டான். அக்கா "இப்பதானடா தின்ன?" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சுட்டுக்கொண்டு வந்தாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் என்னவோ பேசினார்கள். சட்னி என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை நான் கிளம்பும்போது பையன் ஒரு தாளைக் கையில் திணித்தான். இருபது சொற்கள். அடுத்த முறை வரும்போது ஒப்பிக்க வேண்டுமாம். குடியுரிமைத் தேர்வாம். பஸ்ஸில் நத்தம் தாண்டும்வரை மனப்பாடம் செய்து பார்த்தேன். ஏழுதான் நின்றது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் அம்மாச்சியோ அப்பத்தாவோ பேசிய ஒரு குழூஉக்குறி, ஒரு திருட்டு பாஷை இருக்கும். இன்று ராத்திரி ஒரு சொல் கேட்டுப் பாருங்கள். கேட்டதோடு விடாமல், அதே பாஷையில் ஒரு பதிலும் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் வேறொரு கதையோடு வருகிறேன். அதுவரை... ககா கயி கன் கதா கயோ!